குறைந்தபட்சம் என்று ஒரு சொல்

2018-ல் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வானத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கையில் ஒரு பட்டியல் கொண்டுபோயிருந்தேன். பல வருடங்களாக நோட்டில் எழுதிச் சேர்த்த புறக்கோள்களின், அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களின், பட்டியல் அது. முதல் வரியில் இருந்தது எச்டி 114762 பி.

"சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் கோள் எது என்று கேட்டால் எல்லாரும் 1995-ல் கண்டுபிடித்த 51 பெகாசி பி என்பார்கள். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். 1989-லேயே ஒன்று அகப்பட்டுவிட்டது. அதைக் கோள் என்று கூப்பிட யாருக்கும் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான்" என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். போர்டில் அதன் நிறையையும் எழுதினேன்: குறைந்தபட்சம் 11 வியாழன், அதாவது வியாழனைப் போல் 11 மடங்கு.

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், குறைந்தபட்சம் 11-ன்னா அதிகபட்சம் எவ்ளோ?"

சிரித்து மழுப்பினேன். கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அதே அளவுதான் என்று ஏதோ சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அடுத்த வருடமே அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பட்டியலை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெண் எழுந்து நிற்பதுபோல இருக்கும்.

முதலில் அந்த 'குறைந்தபட்சம்' எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். கோளை நேரே பார்ப்பது அரிது. விண்மீனைத்தான் பார்க்கிறோம். கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்கிறோமே, உண்மையில் இரண்டுமே பொதுவான ஒரு ஈர்ப்பு மையத்தைச் சுற்றுகின்றன. கனமான விண்மீன் சின்ன வட்டம் போடும், இலேசான கோள் பெரிய வட்டம் போடும். விண்மீன் தன் வட்டத்தில் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் நடுநடுவே தெரியும் கோடுகள்) நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். டாப்ளர் விளைவு. அதிலிருந்து விண்மீனின் வேகம் கிடைக்கும், வேகத்திலிருந்து கோளின் நிறை கிடைக்கும். மிஷேல் மாயோரும் டிடியே கெலோவும் 51 பெகாசியில் செய்தது இதைத்தான். இதற்கு ஆரத் திசைவேக முறை என்று பெயர்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. செக்கு மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். செக்கடிக்குப் பக்கத்தில் தரையில் நின்று பார்த்தால், மாடு சுற்றும்போது ஒரு பாதிச் சுற்றில் உங்களை நோக்கி வரும், மறு பாதியில் விலகிப் போகும். அதே மாட்டைச் செக்குக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டு பாருங்கள். மாடு ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் உங்களை நெருங்கவும் செய்யாது, விலகவும் செய்யாது. நெருங்குவதையும் விலகுவதையும் மட்டுமே அளக்கத் தெரிந்த கருவி உங்கள் கையில் இருந்தால், 'மாடு தூங்குகிறது' என்று எழுதி வைப்பீர்கள். நேர் மேலே இல்லாமல் கொஞ்சம் தள்ளித் தொங்கினால், 'மாடு மெதுவாக ஊர்கிறது' என்று எழுதுவீர்கள்.

விண்மீன்களின் சுற்றுப்பாதைகள் நமக்கு வசதியாகப் பக்கவாட்டில் நிற்பதில்லை. எந்தச் சாய்விலும் இருக்கலாம். மாட்டை நேர் மேலிருந்து பார்ப்பது 0 பாகை, பக்கவாட்டில் நின்று பார்ப்பது 90 பாகை. டாப்ளர் தருவது கோளின் நிறை இல்லை. நிறையைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கி வரும் எண்தான் அது. சைன் ஒன்றைத் தாண்டாது. ஆகவே கிடைக்கும் எண் உண்மை நிறைக்குச் சமமாகவோ குறைவாகவோதான் இருக்கும். அதனால்தான் குறைந்தபட்சம். அதிகபட்சத்துக்கு இந்த முறையில் பதிலே கிடையாது.

என் மழுப்பலுக்கும் ஒரு கணக்கு ஆதாரம் உண்டு என்று பிறகு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பாதைகள் எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 100-ல் 87 பாதைகள் 30 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். அப்படியானால் 100-ல் 87 முறை உண்மை நிறை, குறைந்தபட்ச நிறையைப் போல் இரண்டு மடங்குக்குள்தான் வரும். ஆறு பாகைக்குள் கிடக்கும் பாதை 200-ல் ஒன்றுதான். அப்படியிருக்க 'அநேகமாக அதே அளவுதான்' என்று சொன்னதில் என்ன தப்பு?

தப்பு இருக்கிறது. 11 வியாழன் அளவுள்ள கோள்கள் வானத்தில் அபூர்வம். இரட்டை விண்மீன்களோ மலிவு. ஆயிரக்கணக்கான விண்மீன்களை அலசும்போது, அந்த மலிவான இரட்டைகளில் ஒருசில நமக்கு முகம் காட்டிப் படுத்த தட்டுப் போல அமைந்துவிடும். அவற்றின் டாப்ளர் வேகம் சுருங்கிப்போய், அவை வந்து உட்காரும் இடம் எது? பெரிய கோள்களுக்கு என்று நாம் ஒதுக்கி வைத்த அதே அலமாரிதான். நிஜமான சொந்தக்காரர்கள் குறைவாக இருக்கும் வீட்டில், வழிப்போக்கர் நாலு பேர் வந்து படுத்தாலே வீடு நிறைந்துவிடும். ஆகவே அந்த 87 சதவீதக் கணக்கு, குறிப்பிட்ட இந்த அலமாரிக்குச் செல்லாது.

எச்டி 114762-ன் கதை இப்படித் தொடங்குகிறது. ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தின் டேவிட் லாதமும் கூட்டாளிகளும் வேகத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்கப் பயன்படும் 'அசையாத' விண்மீன்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் இது 84 நாளுக்கு ஒருமுறை வினாடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடியது. 1989-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே 'பழுப்புக் குறுமீனாக இருக்கலாம்' என்றுதான் போட்டார்கள். பழுப்புக் குறுமீன் என்பது விண்மீனாக எரியப் போதாத, கோள் என்று சொல்லவும் பெரிதாகிப்போன இடைப்பட்ட பிறவி. பெரிய கோளாகவும் இருக்கலாம் என்று உள்ளே ஒரு வரி. அந்தக் கட்டுரையை எழுதிய ஐந்து பேரில் மிஷேல் மாயோரும் ஒருவர்! ஆறு வருடம் கழித்து 51 பெகாசியை அறிவித்த அதே மாயோர்.

சந்தேகம் சீக்கிரமே கிளம்பியது. 1991-ல் வில்லியம் காக்ரனும் சகாக்களும் அந்த விண்மீனின் நிறமாலைக் கோடுகள் மிகவும் மெலிந்திருப்பதைக் காட்டினார்கள். தன்னைத்தானே சுற்றும் விண்மீனின் கோடுகள் கொஞ்சம் அகலமாகும். இது அகலமாகவில்லை. ஒன்று, விண்மீன் நிஜமாகவே மெதுவாகச் சுற்ற வேண்டும். அல்லது அதன் துருவம் நம்மைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டாவது சரியென்றால், துணையின் பாதையும் முகம் காட்டித்தான் கிடக்கும், நிறை எகிறிவிடும். ஆனால் உறுதி செய்ய வழியில்லை. டாப்ளரிடமே திரும்பத் திரும்பக் கேட்டால் அது சொன்னதையேதான் சொல்லும்.

வேறு சாட்சி வேண்டும். விண்மீன் நம்மை நோக்கி வருவதை விட்டுவிட்டு, வானத்தின் மேல் இடமும் வலமும், மேலும் கீழும் எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது. வானளவையியல். தென்னை மரத்து உச்சியிலிருந்து மாட்டின் சுற்றைப் பார்ப்பது போல. முகம் காட்டும் பாதையில் டாப்ளருக்குக் கண் தெரியாது, வானளவையியலுக்கு வட்டம் முழுசாகத் தெரியும். சாய்வு கிடைத்துவிட்டால் சைன் கிடைத்தது, சைன் கிடைத்தால் நிறை கிடைத்தது.

சொல்லச் சுலபம். பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குப் பாகை, கலை, விகலை தெரியும். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. வியாழன் இழுப்பதால் நம் சூரியன் போடும் சின்ன வட்டம், அதன் மையம் சூரியனின் மேற்பரப்பையே சற்றுத் தாண்டி நிற்கும் அளவுக்கு இருக்கிறது. அதை 33 ஒளியாண்டு தள்ளி நின்று பார்த்தால், வட்டத்தின் ஆரம் அரை மில்லி விகலை. அதாவது சென்னையில் நின்றுகொண்டு மும்பையில் யாரோ வைத்திருக்கும் ஒரு கடுகின் பருமனை அளப்பது. பூமி சூரியனை ஆட்டும் ஆட்டம் இதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

இதனால்தான் இந்த முறைக்கு ஒரு அவமான வரலாறு உண்டு. தொடக்கம் என்னவோ அமர்க்களம். 1844-ல் ஜெர்மன் வானியலாளர் பெசல், சிரியசும் புரோசியனும் வளைந்து நெளிந்து நகர்வதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத துணைகள் இருக்கின்றன என்றார். 1862-ல் ஆல்வன் கிரகாம் கிளார்க் சிரியசின் துணையைக் கண்ணால் பார்த்தார். அது வெள்ளைக் குறுமீன், எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சம். விண்மீன்கள் விஷயத்தில் எடுபட்ட வித்தை கோள்களுக்கும் எடுபடும் என்ற ஆசை அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

அந்த ஆசையில் முதலில் இறங்கியவர்களில் ஒருவர் சென்னையில் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வகம். அதன் தலைவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனைக் கவனித்துவந்தார். பாம்புதாங்கி மண்டலத்தில் இருக்கும் அந்த இரண்டும் 88 வருடத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. கணித்த நீள்வட்டத்தில் அளவுகள் சரியாக உட்காரவில்லை. 1855-ல் ராயல் வானியல் கழகத்தின் இதழில் ஜேக்கப் எழுதினார்: அங்கே கோள் போன்ற ஒரு பொருள் இழுத்துக்கொண்டிருப்பதற்கான வாய்ப்பு அதிகம். சூரியக் குடும்பத்துக்கு வெளியே கோள் இருக்கிறது என்று ஊகமாகச் சொன்னவர்கள் நிறைய உண்டு. அளவெடுத்து எண்ணைக் காட்டிச் சொன்னவர்களில் இவரை முதலில் வைக்கலாம். அந்த எண்கள் நுங்கம்பாக்கத்திலிருந்து போனவை.

அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் இருக்கிறது, வானிலை ஆய்வு மைய வளாகத்தில். 1792-ல் நட்டது, தொலைநோக்கி ஆடாமல் இருக்கவேண்டும் என்று. ஆசியாவில் கணித அறிவியல்கள் பிரிட்டிஷ் தாராளத்தால் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களும் அறிந்துகொள்ளட்டும் என்று அதற்கான கல்வெட்டு பேசுகிறது; தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். ஆரியபட்டர் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. எனக்கு அந்தத் தூணைப் பார்க்கும்போது ஜேக்கப்தான் நினைவுக்கு வருவார். தூணை ஆடாமல் நட்டுவிட்டார்கள், சரி. ஆடாத தூண் மட்டும் போதவில்லை.

ஜேக்கபின் கோள் நிற்கவில்லை. 1896-ல் அமெரிக்காவில் தாமஸ் ஜெபர்சன் ஜாக்சன் சீ அதே விண்மீனில் அதே மாதிரி ஒரு இருண்ட துணையை அறிவித்தார். 1899-ல் ஃபாரஸ்ட் ரே மோல்டன், அப்படிப்பட்ட மூன்று பொருள் கூட்டம் நிலைத்து நிற்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஆட்டம் எல்லாம் அளவின் பிழை.

இதைவிட என்னை வாட்டுவது பீட்டர் வான் டி காம்ப் கதை. பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரியின் ஸ்ப்ரூல் வானாய்வகத்தில் 61 சென்டிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கி. அதில் பார்னார்டின் விண்மீனை 1938-லிருந்து விடாமல் படம்பிடித்தார். ஆறு ஒளியாண்டுத் தூரம்தான், வானத்தில் மிக வேகமாக நகரும் விண்மீன். 2,000-க்கும் மேற்பட்ட கண்ணாடித் தட்டுகள். 1963-ல் அறிவித்தார்: அங்கே ஒரு கோள், வியாழனைப் போல் 1.6 மடங்கு, 24 வருடச் சுற்று. தட்டின் மேல் அவர் பார்த்த அசைவு ஏறத்தாழ ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுறை முழுக்க அதை நம்பியது.

1973-ல் இரண்டு அடிகள் விழுந்தன. ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிச் ஐக்கார்னும் வேறு தொலைநோக்கிகளின் தட்டுகளை அளந்து பார்த்தார்கள், ஆட்டமே இல்லை. ஸ்ப்ரூலிலேயே வேலை பார்த்த ஜான் ஹெர்ஷி இன்னொன்று காட்டினார்: சம்பந்தமே இல்லாத வேறு விண்மீன்களும் அதே வருடங்களில் அதே பக்கம் 'துள்ளியிருக்கின்றன'. 1949-ல் லென்ஸைத் தாங்கும் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். ஆடியது விண்மீன் இல்லை, தொலைநோக்கி. வான் டி காம்ப் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1995 மே மாதம் இறந்தார். அந்த அக்டோபரில் 51 பெகாசி பி அறிவிப்பு வந்தது. இந்த ஐந்து மாத இடைவெளியைப் பற்றி நினைத்தால் எனக்கு ஏதோ போல் ஆகிவிடும். அடுத்த மனிதரின் பிழையைப் படிக்கும்போது நாம் கெட்டிக்காரர்கள் என்று தோன்றுமே, இவர் விஷயத்தில் மட்டும் அது எனக்குத் தோன்றியதில்லை. ஒரே கருவியை இருபத்தைந்து வருடம் நம்பினால் யாருக்கும் இது நடக்கும்.

அப்புறம் தொலைநோக்கிகள் காற்றுமண்டலத்தைத் தாண்டிப் போயின. ஹிப்பார்க்கஸ் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் 1989-லிருந்து 1993 வரை, 1,18,000 விண்மீன்கள். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் திசை பிடித்து வைக்க இருந்த உணரிகளையே அளவுகோலாக்கி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிரிட்ஸ் பெனடிக்டும் பார்பரா மக்கார்தரும் வேலை பார்த்தார்கள். 2007-ல் அந்தக் குழு எச்டி 33636-ன் 'கோளை' எடுத்தது. டாப்ளர் சொன்ன குறைந்தபட்சம் 9.3 வியாழன். ஹபிள் சொன்ன சாய்வு 4 பாகை, உண்மை நிறை 142 வியாழன். கோளும் இல்லை, பழுப்புக் குறுமீனும் இல்லை, அது ஒரு குட்டி விண்மீன். என் பட்டியலில் அதை அடித்துவிட்டுத்தான் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. ஒன்றை அடித்த கைக்கு, அதே மாதிரி இருந்த முதல் வரி மேல் சந்தேகமே வரவில்லை.

2013 டிசம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் வானளவைத் தொலைநோக்கி கயா ஏவப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, ஏறத்தாழ 200 கோடி விண்மீன்களின் இடத்தைத் திரும்பத் திரும்பக் குறித்தது. முதல் தொகுப்பு 2016-ல் வந்தபோது ஒவ்வொரு தனி அளவையும் வெளியிடவில்லை. ஒவ்வொரு விண்மீனும் தனியாக நேர்கோட்டில் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டு, கணக்கில் அடங்காமல் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஒரே ஒரு எண் கொடுத்தார்கள். கடைக் கணக்கை முடிக்கும்போது இடிக்குமே, அந்த மாதிரி ஒரு இடிப்பு. பெரும்பாலானோர் அதைக் கருவியின் இரைச்சல் என்று தாண்டிப் போனார்கள். ஃபிளாவியன் கீஃபெர் என்ற வானியலாளர் தாண்டவில்லை. டாப்ளர் பாதையை வைத்துக்கொண்டு, எந்தச் சாய்வில் வைத்தால் இவ்வளவு மிச்சம் வரும் என்று திருப்பிக் கேட்டார். எச்டி 114762-க்கு வந்த பதில்: சாய்வு 6 பாகை சுமார், நிறை நூற்றுச் சொச்சம் வியாழன். இது 2019-ல். அதே வருடம்தான் மாயோருக்கும் கெலோவுக்கும் நோபல் பரிசு அறிவித்தார்கள்.

2022 ஜூனில் வந்த மூன்றாம் தொகுப்பில் கயாவே பாதையை நேரடியாகக் கொடுத்தது. சாய்வு இன்னும் குறைந்து 4 பாகைக்குள் வந்தது. நிறை சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 வியாழனை ஒட்டி. செங்குறுமீன், அதாவது மங்கலான ஒரு சின்ன விண்மீன். 11 என்று நான் போர்டில் எழுதியது, கிட்டத்தட்ட இருபது மடங்கு பிசகு.

இதோடு முடிந்தால் வானளவையியல் நீதிபதி, டாப்ளர் குற்றவாளி என்று எழுதிவிட்டுப் போகலாம். அப்படி இல்லை. வானளவையியலுக்கும் ஒரு பொல்லாத குருட்டுப் புள்ளி உண்டு. கயா பார்ப்பது ஒளிப்புள்ளியின் மையத்தை. ஏறத்தாழ ஒரே கனமும் ஒரே ஒளியும் உள்ள இரண்டு விண்மீன்கள் ஒட்டிச் சுற்றினால், இரண்டும் ஒரே புள்ளியாகத் தெரியும். தராசின் இரண்டு தட்டும் சமம் என்பதால் ஒளியின் மையம் அசையவே அசையாது. ஒன்று கொஞ்சம் மங்கலாக இருந்தால் மையம் இலேசாக ஆடும். அந்த இலேசான ஆட்டம் அச்சாகக் கோள் ஒன்று விண்மீனை ஆட்டுவது போலவே இருக்கும்! இங்கே கனமான ஒன்று இலேசான வேடம் போடுகிறது, டாப்ளரில் நடந்த அதே ஏமாற்று, வேறு வாசல் வழியாக.

கயா கோள் இருக்கலாம் என்று காட்டிய விண்மீன்களில் 28-ஐ எடுத்து நிறமாலை பார்த்தார்கள். 21 இரட்டைகள். ஒரே புள்ளியின் நிறமாலையில் இரண்டு தொகுதிக் கோடுகள் இருந்தால் வேடம் கலைந்துவிடும், டாப்ளருக்கு அது சுலபம். 2025-ல் அந்தச் சல்லடையில் மிஞ்சி உறுதியானது கயா-4 பி: 244 ஒளியாண்டுத் தூரத்தில், சூரியனில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லாத விண்மீனை 570 நாளில் சுற்றும், 12 வியாழனை ஒட்டிய கோள். கயாவின் அளவில் முதலில் தெரிந்து, டாப்ளரால் உறுதியான முதல் கோள். இந்த 12-க்கு முன்னால் 'குறைந்தபட்சம்' கிடையாது. நோட்டில் அந்த வரியை எழுதும்போது கை கொஞ்சம் நிதானமாகவே போனது. இடையில் 2023-ல் கயாக் குழு, மென்பொருள் பிழையால் வந்த சில விடைகளைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. வெள்ளைக் குறுமீனைச் சுற்றுவதாகச் சொன்ன ஒரு கோளும் அதில் போயிற்று. வான் டி காம்ப் காலத்தில் பிழை வெளிவரப் பத்து வருடம் பிடித்தது, இப்போது ஒரு வருடத்துக்குள் நடந்தது.

கயா 2025 ஜனவரியில் அளப்பதை நிறுத்தியது, மார்ச்சில் அணைத்துவிட்டார்கள். நான்காம் தொகுப்பு 2026 டிசம்பரில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். இம்முறை ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒவ்வொரு தடவை குறித்த இடமும் தனித்தனியாக வெளிவரும். கீஃபெர் ஒரே ஒரு மிச்ச எண்ணை வைத்துக்கொண்டு திணறினாரே, அந்தத் திணறல் இனி வேண்டாம்.

என் பட்டியலில் பக்கவாட்டில் ஒரு புதுப் பத்திக்குக் கோடு கிழித்துவிட்டேன், பென்சிலால். தலைப்பு: 'உண்மை நிறை'. குறைந்தபட்சம் என்று போட்ட வரிகள் எல்லாம் அதற்கு எதிரே காலியாக நிற்கின்றன. பெரிய கோள்களின் வரிகளில் பாதியாவது அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் நிரம்பும் என்று நினைக்கிறேன், சிலவற்றை அடிக்கவும் நேரும். கடைசிப் பக்கத்தில் 2024-லும் 2025-லும் சேர்த்த நான்கு வரிகள் பார்னார்டின் விண்மீனுக்கு உரியவை. ஆம், அங்கே நிஜமாகவே கோள்கள் இருக்கின்றன. பூமியைவிடச் சிறிய நான்கு, எல்லாம் ஒரு வாரத்துக்குள் சுற்றி முடிப்பவை, எல்லாம் டாப்ளர் கண்டுபிடித்தவை, எல்லாம் குறைந்தபட்சம். அவை விண்மீனை ஆட்டும் ஆட்டம் ஒரு மைக்ரோ விகலைக்கும் கீழே. கயாவுக்கு அது எட்டாது. அந்த நான்கு கட்டங்களை மட்டும் கோடு போடாமலே விட்டுவிட்டேன்.